ஆயுதம் ஏந்துவோரும் ஆயுதம் துறப்போரும்: சரணடைவுக் காட்சிகளுக்கு அப்பால்

2025 அக்டோபர் 17 அன்று சத்தீஸ்கர் மாநிலம் ஜகதல்பூரில் 210 மாவோயிஸ்டுகள் அரசிடம் சரணடைந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 153 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. சரணடைந்தவர்கள் கையில் ஒரு சிவப்பு ரோஜாவும் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஒரு படியும் தரப்பட்டன. அந்த நூலை ஏந்தியபடி அவர்கள் வரிசையாக நிற்கும் ஒளிப்படம் நாளிதழ்களில் வெளியானது.

அண்ணல் அம்பேத்கரின் வழி நிற்கும் நமக்கு அந்தப் படம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஆயுதத்தைக் கீழே வைக்கும் நாளில் கையில் தரப்பட்ட அந்த நூல், அவர்கள் ஆயுதத்தைக் கையில் எடுத்த நாளில் எங்கே இருந்தது?

2025ஆம் ஆண்டு மாவோயிஸ்ட் கட்சிக்குப் பேரிழப்புகளின் ஆண்டு. மே மாதம் அதன் பொதுச்செயலாளர் நம்பாலா கேசவ ராவ் அபூஜ்மாட் பகுதியில் கொல்லப்பட்டார். அக்டோபரில் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் அறுபது பேருடன் கட்சிரோலியில் சரணடைந்தார். நவம்பரில் மாட்வி ஹிட்மா ஆந்திரத்தில் கொல்லப்பட்டார். 2026 மார்ச் 31க்குள் நக்சல் இயக்கத்தையே முடித்துவிடுவதாக ஒன்றிய உள்துறை அமைச்சர் அறிவித்திருந்தார். ஆயினும், ஓர் அமைப்பு முடிவுக்கு வருவது வேறு. அதில் மனிதர்கள் சேர்ந்ததற்கான காரணங்கள் முடிவுக்கு வருவது வேறு. முன்னதைப் படைபலத்தால் செய்துவிட முடியும். பின்னதற்கு, ஒரு தனிமனிதர் ஏன் சேர்கிறார், ஏன் விலகுகிறார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வி நம்மை நேரடியாகத் தொடுவது. திட்டக்குழு அமைத்த, டி. பந்தோபாத்யாய தலைமையிலான வல்லுநர் குழு, 2008இல் அளித்த அறிக்கையில் நக்சல் இயக்கத்தின் முதன்மையான ஆதரவு தலித்துகளிடமிருந்தும் பழங்குடிகளிடமிருந்தும் வருவதாகக் கூறியது. சேர்ந்தவர்களும் நம் மக்கள். செத்தவர்களில் பெரும்பாலோரும் நம் மக்கள். இன்று சரணடைந்து நிற்பவர்களும் நம் மக்களே.

இரண்டு எளிய விடைகள்

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மூளைச்சலவை, பணத்தாசை, மிரட்டல் ஆகியவையே காரணம் என்கிறது காவல்துறை. வர்க்க உணர்வு பெற்றதே காரணம் என்கிறது இயக்கம். முதல் விடையில் மனிதருக்கு அறிவு இல்லை. இரண்டாவது விடையில் மனிதருக்குத் தனி வாழ்க்கை இல்லை.

பால் கோலியர் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தனர். இழப்பதற்கு ஏதுமற்ற ஏழை இளைஞனுக்கு ஆயுதக்குழு ஒரு பிழைப்பு என்பது அக்கணக்கின் சாரம். எல் சால்வடார் நாட்டு உழவர்களிடையே ஆய்வு செய்த எலிசபெத் வுட் இக்கணக்கில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். அங்கே கிளர்ச்சியால் கிடைத்த நிலம், கிளர்ச்சிக்கு உதவியவர்களோடு உதவாதவர்களுக்கும் கிடைத்தது. அப்படியிருக்க, உயிரைப் பணயம் வைத்து உதவியது எதற்காக? அநீதிக்கு எதிராகத் தம் கையாலேயே ஒன்றைச் செய்தோம் என்னும் பெருமிதத்திற்காக என்பது அவர் கண்ட விடை.

மத்திய பீகாரில் நக்சல் இயக்கத்தை ஆய்வு செய்த பேலா பாட்டியாவின் முடிவும் இதற்கு நெருக்கமானது. இயக்கத்தில் நின்ற எளிய மக்களில் பலர் மார்க்சியக் கோட்பாட்டைக் கற்று வந்தவர்கள் அல்லர். கூலி, நிலம் ஆகியவற்றோடு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘இஜ்ஜத்’. நாம் அதை மானம் என்போம்.

போஜ்பூர்: மானமும் வாக்கும்

மானம் என்பது அங்கே என்னவாக இருந்தது என்பதற்குப் பீகாரின் போஜ்பூர் மாவட்டம் சான்று. நிலவுடைமையாளர் எதிரே கட்டிலில் அமரக் கூடாது, கேட்ட கூலியைத் தர மாட்டார்கள், பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை, வாக்குச்சாவடிப் பக்கமே போகக் கூடாது என்பதுதான் தலித் மக்களின் அன்றாடம்.

1967 தேர்தலில் சஹார் தொகுதியில் ராம்நரேஷ் ராம் என்ற தலித் தலைவர் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் போட்டியிட்டார். ஏக்வாரி கிராமத்தில் அவருக்காக உழைத்தவர் ஜெகதீஷ் மஹதோ. இவர் ஆரா நகரில் பள்ளி ஆசிரியர். பிற்படுத்தப்பட்ட கோயரி சாதியைச் சேர்ந்தவர். வாக்குப்பதிவு நாளில் நடந்த முறைகேட்டைத் தட்டிக்கேட்டதற்காக ஆதிக்கச் சாதியினர் அவரைக் கொடூரமாகத் தாக்கினர். 1970இல் அம்பேத்கர் பிறந்தநாளன்று ஒடுக்கப்பட்டோருக்குத் தனி நிலம் கோரி ஆரா நகரில் தீப்பந்த ஊர்வலம் நடத்தியவரும் அவரே. அதன்பின் அவர் நக்சல்பாரி வழியில் சென்றார், 1972இல் கொல்லப்பட்டார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தேர்தல், பிறகு அடி, பிறகு ஊர்வலம், அதன்பிறகே துப்பாக்கி. நாடாளுமன்றப் பாதையை வெறுத்து ஒதுக்கிவிட்டு இவர்கள் ஆயுதத்திடம் போகவில்லை. அந்தப் பாதையில் நடந்து, அடிபட்டு, துரத்தப்பட்டுப் போனார்கள்.

காட்டில்: உறவும் பெண்களும்

பழங்குடிப் பகுதிகளில் காரணங்கள் வேறு நிறம் கொள்கின்றன. ஜார்கண்டில் பழங்குடி கிராமத்தில் நீண்டகாலம் வாழ்ந்து ஆய்வு செய்த மானுடவியலாளர் அல்பா ஷா, 2010இல் மாவோயிஸ்ட் படையணியுடன் ஏழு இரவுகள் நடந்து சென்றவர். மாமன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போய்வருவது போல இளையோர் படைக்குள் போவதையும் திரும்புவதையும் அவர் பதிவு செய்தார். தந்தையுடன் சண்டை, வீட்டில் ஏற்காத காதல், ஊரைவிட்டு வெளியே எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆவல் ஆகியனகூட ஒருவரை உள்ளே கொண்டுசென்றன. படைக்குள் தம்மைப் பெயர் சொல்லி, மரியாதையுடன் நடத்தியதே பலரை அங்கே தங்கவைத்தது. வன அலுவலரும் வட்டிக்காரரும் காவலரும் ஒருநாளும் தராத மரியாதை அது.

பெண்களுக்கு இன்னொரு காரணம் இருந்தது. விருப்பமற்ற திருமணத்திலிருந்து தப்பிக்கும் இடமாகவும், ஆணுக்கு நிகராக நடத்தப்படும் இடமாகவும் பலர் இயக்கத்தைக் கண்டனர். ஜகதல்பூர் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள் நின்றதை இதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லோரும் விரும்பிச் சேர்ந்தனர் என்று எழுதுவது பொய்யாகும். ஊருக்கு ஓர் ஆள் என்ற நெருக்கடி பல இடங்களில் இருந்தது. சிறுவர்களும் சேர்க்கப்பட்டனர். சத்தீஸ்கர் மோதலில் மாவோயிஸ்டுகள், சல்வா ஜுடும், காவல்துறை ஆகிய மூன்று தரப்புமே சிறுவர்களைப் பயன்படுத்தியதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2008இல் ஆவணப்படுத்தியது. உளவாளி என்ற முத்திரையுடன் மாவோயிஸ்டுகள் கொன்றவர்களில் பலரும் ஏழைப் பழங்குடிகளே. இவற்றை மறைத்துவிட்டு மனித உரிமை பேச நமக்குத் தகுதி கிடையாது.

அரசே அனுப்பிவைத்தவர்கள்

2005 ஜூனில் பஸ்தரில் சல்வா ஜுடும் தொடங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஊர்கள் காலியாக்கப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. மக்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முகாமுக்குப் போகாதவர் மாவோயிஸ்ட் என்று கருதப்பட்டார். நடுவில் நிற்பதற்கு இடமே இல்லாதபோது, சேர்வது கொள்கை முடிவாக இருப்பதில்லை. உயிர் பிழைக்கும் வழியாகிவிடுகிறது. இயக்கத்தைக் குலைக்கத் தொடங்கிய ஒன்று அதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

2012 ஜூன் 28 இரவு சார்க்கேகூடாவில் பாதுகாப்புப் படையினரால் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகளுடனான மோதல் என்றது அரசு. அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்று நீதிபதி வி.கே. அகர்வால் ஆணையத்தின் அறிக்கை 2019இல் வெளிவந்தபோது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த ஏழு ஆண்டுகளில் அவ்வூரின் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் சட்டத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்பதைச் சொல்ல ஆய்வுகள் தேவையில்லை.

நீதிமன்றத்தின் பங்கு

வழக்கறிஞர்களாகிய நாம் நமது வீட்டுக் கணக்கையும் பார்த்தாக வேண்டும். 1994இல் போஜ்பூரின் பேலாவூரில் உருவான ரண்வீர் சேனா என்னும் நிலவுடைமையாளர் படை, 1996 ஜூலை 11 அன்று பதானி டோலாவில் 21 பேரைக் கொன்றது. 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரைக் கொன்றது. கீழமை நீதிமன்றங்கள் 2010இல்தான் தண்டனை வழங்கின. பதானி டோலா வழக்கில் தண்டிக்கப்பட்ட 23 பேரையும் பாட்னா உயர்நீதிமன்றம் 2012இல் விடுவித்தது. பாதே வழக்கில் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் 2013இல் விடுவித்தது. சேனாவின் அரசியல் தொடர்புகளை விசாரிக்க அமைக்கப்பட்ட அமீர் தாஸ் ஆணையம், அறிக்கை அளிக்கும் முன்பே 2006இல் கலைக்கப்பட்டது.

1992இல் பாரா கிராமத்தில் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் சென்டர் 35 பூமிகார் சாதியினரைப் படுகொலை செய்தது. அதுவும் மன்னிக்க முடியாத குற்றமே. அந்த வழக்கில் தடா சட்டம் பாய்ந்தது. நால்வருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2002இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அமர்வில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அந்த நால்வரில் தலித்துகளும் இருந்தனர். 2017இல் குடியரசுத் தலைவர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். ரண்வீர் சேனாவின் படுகொலைகளுக்குத் தடா போன்ற சட்டம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை.

கீழ்வெண்மணியை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அவ்வழக்கில் நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி நீதியாகாது. ஆனால், நீதிமன்றக் கதவு அடைபடும் ஓசை சேரிகளிலும் காடுகளிலும் எப்படிக் கேட்கிறது என்பதைத் தீர்ப்பு எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் விலகுகிறார்கள்?

மானத்துக்காகச் சேர்ந்தவர்கள், அந்த மானம் உள்ளேயே மறுக்கப்படும்போது விலகுகிறார்கள். இதற்கு மிகப் பெரிய சான்று கே.ஜி. சத்தியமூர்த்தி. சிவசாகர் என்ற பெயரில் எழுதிய தெலுங்குக் கவிஞர், தலித், 1980இல் கொண்டபல்லி சீதாராமையாவுடன் சேர்ந்து மக்கள் யுத்தக் குழுவை உருவாக்கியவர். அவரது உடன்பிறந்தாள் மகள் சுஜாதா கிட்லா 2017இல் வெளியிட்ட குடும்ப வரலாற்றில், கட்சியின் இளம் தலித் தோழர்கள் அவரிடம் கொண்டுவந்த முறையீடு பதிவாகியுள்ளது. தலைமறைவுப் படைக்குள்ளும் நாவிதர் சாதித் தோழர் சவரம் செய்ய வேண்டும். வண்ணார் சாதித் தோழர் துணி துவைக்க வேண்டும். தலித் தோழர் பெருக்கிக் கழுவ வேண்டும். இதைத் தலைமையிடம் எழுப்பிய சத்தியமூர்த்தி, கட்சியைப் பிளக்க முயன்றதாகக் குற்றஞ்சாட்டி வெளியேற்றப்பட்டார்.

பீகாரின் தலித் உழைப்பாளர்களிடையே ஆய்வு செய்த ஜார்ஜ் குன்னத் இதன் மற்றொரு முகத்தைக் காட்டினார். நிலவுடைமையாளருக்கு எதிராகத் தலித்துகளை அணிதிரட்டிய இயக்கம், பின்னர் தன்னை விரிவாக்க அதே நிலவுடைமைச் சாதிகளுடன் உறவு கொண்டது. நேற்றுவரை யாரை எதிர்த்து நின்றார்களோ அவர்களே இன்று தோழர்களாக வந்து நின்றபோது, தலித்துகள் சத்தமின்றி விலகினர். காவல்துறைக்கு அஞ்சி நிகழ்ந்ததாக மட்டும் அந்த விலகலைக் கணக்கெழுத முடியாது.

வேறு கதவு திறக்கும்போதும் விலகல் நிகழ்கிறது. போஜ்பூரில் தலைமறைவு இயக்கமாக இருந்த மா-லெ லிபரேஷன் கட்சி, 1982இல் இந்திய மக்கள் முன்னணியை உருவாக்கி, பிறகு தேர்தலுக்கு வந்தது. 1989இல் ஆரா தொகுதியில் ராமேஷ்வர் பிரசாத் நாடாளுமன்ற உறுப்பினரானார். தலித் மக்கள் பலர் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தனர். அதற்காகப் படுகொலைக்கும் ஆளாயினர். 1967இல் எந்தத் தொகுதியில் நின்றதற்காகத் துரத்தப்பட்டாரோ, அதே சஹார் தொகுதியில் 1995இல் ராம்நரேஷ் ராம் சட்டமன்ற உறுப்பினரானார். துப்பாக்கியிலிருந்து வாக்குக்கு வந்த அந்த வழியைத் திறந்தது எந்தக் காவல்துறைத் திட்டமும் அன்று; வாக்குச்சாவடி வரை நடந்துபோகும் உரிமைதான்.

மூன்றாவது காரணம் மிக எளிமையானது: வயதும் உடலும் குடும்பமும். மலேரியாவுடன் காட்டில் நடக்கும் உடல் நாற்பதைத் தாண்டும்போது தளர்கிறது. மாவோயிஸ்ட் படையில் திருமணம் செய்துகொள்ளும் ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. சரணடைந்த பின் அதை மாற்றும் அறுவைக்குப் பலர் தாமாக முன்வந்தனர். ஒரு குழந்தை வேண்டும் என்ற ஆசையும் ஆயுதம் துறக்கப் போதுமான காரணமே.

விலகும் வழி யார் கையில்?

விலக விரும்புவது வேறு. உயிருடன் விலகுவது வேறு. ஆயுதத்தைக் கீழே வைத்த நொடியில் அம்மனிதர் இரு பக்கமும் எதிரி உடையவராகிறார். பழைய தோழர்கள் துரோகி என்பர்; காவல்துறை வாக்குறுதியைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதி இல்லை. ரூமேலா சென் 2021இல் வெளியிட்ட நூல் இந்தச் சிக்கலையே ஆராய்கிறது. தெலங்கானாப் பகுதியில் பலர் விலக முடிந்ததற்கும் ஜார்கண்டில் அவ்வாறு முடியாததற்கும் காரணம் உதவித்தொகையின் அளவில் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. உள்ளூர் அமைப்புகளும் இரு தரப்பும் நம்பும் எளிய மனிதர்களும் இடையில் நின்று பிணை போல உறுதி தந்த இடத்தில் விலகல் நிகழ்ந்தது. அப்படிப்பட்டவர்கள் இல்லாத இடத்தில் திட்டம் காகிதத்தில் நின்றது.

அதனால்தான் இடையில் நிற்கும் வழக்கறிஞர்களையும் மனித உரிமை அமைப்புகளையும் ‘நகர்ப்புற நக்சல்’ என முத்திரை குத்துவது, விலகும் வழியையே அடைப்பதாகும்.

சரணடைவு எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாகும்போது வேறொரு கேடும் நேர்கிறது. ஜார்கண்டில் 500க்கும் மேற்பட்ட இளைஞர்களை, காவல் பணி கிடைக்கும் என ஆசைகாட்டி, மாவோயிஸ்டுகளாகக் காட்டிச் சரணடைய வைத்த விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை சென்றது. எப்போதும் ஆயுதம் ஏந்தாதவர் ஆயுதம் துறந்தவராகப் பதிவானார்.

மற்றொன்று, ஒரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பது. மாதம் 3,000 ரூபாய்க்குப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுடன் மோதவிட்டது, அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என 2011 ஜூலை 5 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்தீஸ்கர் அரசு அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி அவர்களைத் துணை ஆயுதப் படையாக்கியது. இன்று சரணடைந்தவர்களில் பலர் மாவட்ட ரிசர்வ் காவல் படையில் சேர்க்கப்படுகிறார்கள். 2023 ஏப்ரலில் தந்தேவாடாவில் கண்ணிவெடியில் அப்படையினர் பத்துப் பேரும் ஓட்டுநர் ஒருவரும் இறந்தனர். இறந்த படையினரில் சிலர் முன்னாள் மாவோயிஸ்டுகள். அவர்கள் போரைவிட்டு விலகவில்லை. அணி மாறினர், அவ்வளவே.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, வழக்குகள். 2017இல் புர்காபாலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 25 பேர் கொல்லப்பட்ட வழக்கில் 121 பழங்குடிகள் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலையில், அவர்கள் அனைவரையும் தந்தேவாடா நீதிமன்றம் விடுவித்தது. சிறையில் கழிந்த அந்த ஆண்டுகளுக்கு விடை சொல்வார் இல்லை. இத்தகைய வழக்குகளைக் காலவரையறையுடன் மறுஆய்வு செய்து, ஆதாரமற்றவற்றைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவின்கீழ் திரும்பப் பெற வேண்டும். சரணடையும்போதே ஒவ்வொருவருக்கும் தம்மீதுள்ள வழக்குகளின் முழுப் பட்டியலும், அவர் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரின் துணையும் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, சரணடைந்தவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பக் கூடாது. மறுவாழ்வு என்பது நிலமும் தொழிலும் கல்வியுமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சேரத் தூண்டிய காரணங்கள். 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்குத் தரும் அதிகாரம் நடைமுறைக்கு வர வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்த விதி ஏட்டில் மட்டும் இருக்கும் வரை, பதானி டோலாக்கள் பாடமாகவே தொடரும்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை, ஆயுதப் பாதைக்கு எதிராக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நாமும் அதே கருத்துடையோம். ஆனால், அவர் அங்கே ஒரு நிபந்தனையும் வைத்தார். அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது சட்டத்துக்குப் புறம்பான வழிகளுக்கு நியாயம் இல்லை என்பதே அவர் சொன்னதன் பொருள். அதே உரையில், சமூக, பொருளாதாரச் சமத்துவமின்மை நீடித்தால் அதனால் துன்புறுவோர் இந்த அரசியல் அமைப்பையே தகர்த்துவிடுவர் என்றும் எச்சரித்தார். முன்பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பின்பகுதியை மூடிவைப்பது நேர்மையன்று.

ஜகதல்பூரில் அந்த 210 பேர் கையில் தரப்பட்ட நூலுக்கு உயிர் உண்டா என்பதை இனி அவர்கள் மேடையில் அறியப்போவதில்லை. பிணை மனு விசாரணைக்கு வரும் நாளிலும், நிலப் பட்டா கேட்டு அலுவலக வாசலில் நிற்கும் நாளிலும் அறிவார்கள். அந்த நாள்களில் அவர்கள் பக்கத்தில் நிற்பது நம் வேலை.